கல்லீரல் அறுவைக்குப் பின் நீடிக்கும் வலி: இரத்தத்தில் செலுத்தும் மரப்பு மருந்து எவ்வளவு தூரம் உதவும்?

கல்லீரலில் கட்டி இருந்த பகுதியை வெட்டியெடுத்து மூன்று மாதங்கள் கடந்து, புண்ணும் ஆறி, ஸ்கேன் படத்திலும் குறை எதுவும் தென்படாத ஒருவருக்கு, வலது விலாவின் கீழ் விளிம்பை ஒட்டிய தழும்பில் பனியன் துணி உரசினாலே தீப்பட்டது போல எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிப் பிழைப்பவராக இருந்தால், பெட்டியை இடுப்புக்கு மேலே உயர்த்தும்போது வயிற்றுத் தசை இறுகி, தழும்பின் ஓரம் சுருக்கென்று குத்தும். கை பெட்டியை விட்டுவிடும். "தையல் போட்ட இடம் இழுக்குது சார், ராத்திரியில எரியுது" என்று புறநோயாளிப் பிரிவில் அவர் சொல்வார். "போகப் போகச் சரியாயிடும் ஐயா" என்ற பதில்தான் பெரும்பாலும் எங்கும் கிடைக்கும். பலருக்கு அது சரியாகிவிடுவதும் உண்மை. சரியாகாமல் தங்கிவிடும் வலிதான் இக்கட்டுரையின் பொருள். அறுவை நடக்கும்போதே லிக்னோகெயின் என்னும் மலிவான மருந்தை இரத்தத்தில் சொட்டுச் சொட்டாகச் செலுத்தி அதைத் தடுக்க முடியுமா என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தது.

அறுவைக்குப் பின் தோன்றி அல்லது அதிகரித்து, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, அறுத்த இடத்திலோ அங்கே காயப்பட்ட நரம்பு செல்லும் பகுதியிலோ உணரப்படும், வேறு காரணத்தால் விளக்க முடியாத வலியை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாடு தனி நோய்நிலையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த ஏற்பு வருவதற்கு வெகுகாலம் பிடித்தது. 1998-இல் பிரிட்டனின் வடபகுதியில் உள்ள வலிச் சிகிச்சை மையங்களுக்கு வந்த 5,130 நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தம் வலிக்குக் காரணம் முன்பு நடந்த அறுவைதான் என்று கூறினார். நோயைத் தீர்க்கச் செய்த அறுவையே இத்தனை பேருக்கு இன்னொரு நோயைத் தந்திருக்கிறது என்பதை மருத்துவ உலகம் எண்ணிக்கையாகப் பார்த்த முதல் தருணங்களுள் அது ஒன்று. 2006-இல் லான்செட் இதழில் வந்த மீளாய்வு, அறுவையின் வகையைப் பொறுத்து 10 முதல் 50 சதவீதம் பேருக்கு இவ்வலி நீடிக்கிறது என்றும், அவர்களுள் ஒரு சிறு பகுதியினருக்கு அது கடுமையாக இருக்கிறது என்றும் தொகுத்துக் கூறியது.

கல்லீரல் அறுவையில் இந்த வலிக்கு இடம் அதிகம். கல்லீரல் விலா எலும்புகளுக்கு உள்ளே, உதரவிதானத்தை ஒட்டி ஒளிந்திருக்கும் உறுப்பு. அதை எட்டுவதற்கு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டி நீளமாக அறுத்து, தேவைப்பட்டால் நடுவயிற்றில் மேல்நோக்கியும் நீட்டி, பின்பு விலாக்கூட்டை இரும்புக் கொக்கிகளால் மேலே தூக்கி மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கிறார்கள். அந்த அறுப்பின் பாதையில் ஏழாவது முதல் பதினோராவது வரையிலான விலா இடை நரம்புகளின் கிளைகள் குறுக்கே ஓடுகின்றன. சில அறுபடுகின்றன, சில கொக்கியின் இழுவையில் நசுங்குகின்றன, சில தையலில் சிக்குகின்றன. துளைவழி அறுவையில் இந்தச் சேதம் குறையும் என்றாலும், பெரிய பகுதியை வெட்டும்போதும் கட்டி பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டியிருக்கும்போதும் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையைத் தவிர்க்க முடிவதில்லை.

இதன் கனத்தை மிகத் தெளிவாகக் காட்டுபவர்கள் நோயாளிகள்கூட அல்லர். உறவினருக்காகக் கல்லீரலின் ஒரு பகுதியைத் தானமாகக் கொடுத்தவர்கள். அறுவைக்கு முன் அவர்களுக்கு வலியும் இல்லை, கட்டியும் இல்லை, கீமோ சிகிச்சையும் இல்லை. ஆகவே பின்னர் வரும் வலிக்கு அறுவையைத் தவிர வேறு எதையும் காரணம் காட்ட இயலாது. கனடாவில் அத்தகைய கொடையாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்கள் கழித்து 31 சதவீதம் பேருக்கும், ஓராண்டு கழித்து 27 சதவீதம் பேருக்கும் வலி இருந்தது. பெரும்பாலோருக்கு அது லேசானதுதான். ஆனாலும் தம்பிக்காகவோ தந்தைக்காகவோ நலமான உடலோடு மேசையில் படுத்த மூவரில் ஒருவர் அரையாண்டுக்குப் பிறகும் வலியோடு இருக்கிறார் என்பது சிறிய செய்தி அன்று.

அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாள்களின் வலி எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு நாள்பட்ட வலிக்கான வாய்ப்பும் கூடுகிறது. அறுவைக்கு முன்பே வேறெங்காவது வலி இருந்தவர்களுக்கும், மிகுந்த அச்சத்தோடு அறுவைக்கு வருபவர்களுக்கும் அது இன்னும் கூடுகிறது. ஆகவே முதல் நாள்களின் வலியை நன்றாக அடக்குவதுதான் முதல் தற்காப்பு. ஆனால் கல்லீரல் அறுவையில் வழக்கமான வலிநிவாரணிகள் ஒவ்வொன்றும் ஏதோவொரு தடையோடுதான் வருகின்றன. மார்ஃபின் வகை மருந்துகளை, வெட்டிக் குறைக்கப்பட்ட கல்லீரல் மெதுவாகவே அகற்றுவதால் தூக்கமும் மூச்சுத் தளர்வும் மிகும். டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்தையும் இரத்தத் தட்டணுக்களின் வேலையையும் பாதிக்கும். பாராசிட்டமாலின் அளவையும் குறைத்தாக வேண்டும். முதுகுத்தண்டின் வெளியுறையருகே மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடியூரல் முறை வலியை மிக நன்றாக அடக்கும். ஆனால் பெரிய வெட்டுக்குப் பின் முதல் சில நாள்களில் இரத்தம் உறையும் திறன் குறைகிறது, தட்டணுக்களும் குறைகின்றன, அந்நேரத்தில் குழாயை வைத்திருப்பதோ எடுப்பதோ முதுகுத்தண்டருகே இரத்தக்கட்டு உண்டாகும் ஆபத்தைக் கொண்டது. இந்த நெருக்கடியில்தான் மயக்கவியல் மருத்துவர்களின் பார்வை லிக்னோகெயின் பக்கம் திரும்பியது.

பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் போடும் மரப்பு ஊசியாக இம்மருந்தை அறியாதவர் குறைவு. ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் இதை 1943-இல் உருவாக்கினார். அவருடைய இளம் சகா பெங்க்ட் லுண்ட்குவிஸ்ட் தம் உடலிலேயே ஊசி போட்டுச் சோதித்தார். 1948-இல் அஸ்ட்ரா நிறுவனம் சைலோகெயின் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நரம்பு இழையின் சுவரிலுள்ள சோடியம் வாயில்களை அடைத்து, மின் சமிக்ஞை நகர்வதைத் தடுப்பது இதன் அடிப்படை வேலை. இதயத் தசையிலும் அதே வாயில்கள் இருப்பதால், மாரடைப்பின்போது ஏற்படும் ஆபத்தான துடிப்புக் கோளாறுகளை அடக்க இதைச் சிரை வழியாகச் செலுத்தும் வழக்கமும் பல பத்தாண்டுகளாக உள்ளது. ஆகவே இரத்தத்தில் லிக்னோகெயின் ஓடுவது புதுமையன்று. வலிக்காக ஓடவிடுவதுதான் ஒப்பீட்டளவில் புதியது, மருந்தின் உரிமத்தில் எழுதப்படாத பயன்பாடும்கூட.

இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஓரிரு மைக்ரோகிராம் என்ற அளவில் இருக்கும் லிக்னோகெயின், நலமான நரம்பை மரக்கச் செய்யாது. ஈறில் ஊசி போட்ட இடத்தில் இருக்கும் செறிவோடு ஒப்பிட்டால் இது மிகமிகக் குறைவு. ஆனால் காயப்பட்ட நரம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது; அறுபட்ட முனையிலும், முதுகுத்தண்டை ஒட்டிய அதன் முடிச்சிலும், தூண்டுதல் எதுவும் இல்லாமலே சமிக்ஞைகள் தாமாகக் கிளம்புகின்றன. இந்தத் தான்தோன்றிச் சமிக்ஞைகள் இந்தக் குறைந்த செறிவிலேயே அடங்குகின்றன என்பது விலங்கு ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சமிக்ஞைகளின் ஓயாத வரவால்தான் முதுகுத்தண்டின் நரம்பணுக்கள் மிகையுணர்ச்சி நிலைக்குத் தள்ளப்படுகின்றன. துணி உரசுவதையும் நெருப்பாக உணரச் செய்வது அந்த நிலைதான். இதனுடன், வெள்ளையணுக்கள் அளவுமீறிக் கிளர்ந்தெழுவதை மட்டுப்படுத்தி அழற்சியைக் குறைப்பதும், வலியைப் பெருக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை ஓரளவு தணிப்பதும் லிக்னோகெயினின் கணக்கில் வருகின்றன.

அறுவையன்று சில மணி நேரம் உடலில் இருந்து, மறுநாளே வெளியேறிவிடும் மருந்து மூன்றாம் மாதத்து வலியை எப்படித் தடுக்கும் என்று கேட்பது நியாயமானது. வலியியலில் இதற்கென ஓர் அளவுகோல் உண்டு: ஒரு மருந்தின் அரை ஆயுளைப் போல், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைப் போல், ஐந்தரை மடங்கு காலம் கடந்த பின்பும் அதன் பலன் நீடித்தால் மட்டுமே அதைத் தடுப்புப் பலன் என்று கொள்ள வேண்டும். லிக்னோகெயினின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆக, பத்துப் பதினொரு மணி நேரத்துக்குப் பிறகும் தொடரும் பலன் எதுவாக இருந்தாலும் அது மருந்தின் நேரடி வேலை அன்று, நரம்பு மண்டலம் தவறான பாடத்தைக் கற்காமல் தடுக்கப்பட்டதன் விளைவு. கருத்தளவில் இது அழகாகப் பொருந்துகிறது. மருத்துவத்தில் இப்படிப் பொருந்திய பல கருத்துகள் நோயாளியின் உடலில் பொய்த்திருக்கின்றன என்பதால், ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே முறை.

அதிகம் எடுத்துக்காட்டப்படுவது அயர்லாந்தில் மார்பகப் புற்றுநோய் அறுவையில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு. மூன்று மாதங்கள் கழித்து, லிக்னோகெயின் பெற்ற பெண்களில் 11.8 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 47.4 சதவீதத்தினருக்கும் வலி இருந்தது. கேட்பவரை உடனே நம்ப வைக்கும் இடைவெளி இது. ஆனால் சதவீதங்களை மனிதர்களாக மாற்றிப் பார்த்தால், ஒரு பக்கம் 17 பேரில் 2 பேர், மறுபக்கம் 19 பேரில் 9 பேர். மொத்தமே 36 பெண்கள். கேட்கப்பட்ட கேள்விக்கு மூன்று பெண்கள் வேறு பதில் சொல்லியிருந்தால் முடிவின் தோற்றமே மாறியிருக்கும். 2018-இல் இதையும் சேர்த்து ஆறு ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வும் நாள்பட்ட வலி குறைவதாகவே காட்டியது. ஆயினும் அதிலும் இருந்தவர்கள் 400 பேரை ஒட்டித்தான், பெரும்பாலும் மார்பக அறுவைக்கு உள்ளானவர்கள்.

உடனடி வலியைப் பொறுத்தவரை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வுகளே ஒரு பாடம். 2015-இல் 45 ஆய்வுகளைத் தொகுத்தபோது ஓரளவு நம்பிக்கையோடு பேசிய அந்த அமைப்பு, 2018-இல் 68 ஆய்வுகளையும் 4,525 பேரையும் சேர்த்துப் பார்த்த பின், பலன் உறுதியற்றது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டது. குடல் மீண்டும் இயங்கத் தொடங்குவதை லிக்னோகெயின் விரைவுபடுத்தும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை, பிரிட்டனில் பெருங்குடல் துளைவழி அறுவைக்கு உள்ளான 590 பேரிடம் நடந்த அலெக்ரோ ஆய்வு சோதித்து, வேறுபாடு இல்லை என்று காட்டியது. சிறு ஆய்வுகளில் பளிச்சிட்டது பெரிய ஆய்வில் மறைவது இத்துறையில் புதிதல்ல. மார்பக அறுவைக்கான நாள்பட்ட வலிக் கேள்விக்கு விடை தேட ஆஸ்திரேலியாவிலிருந்து தொடங்கப்பட்ட லாலிபாப் ஆய்வு 4,300 பேரை இலக்காக வைத்தது என்றால், உறுதியான விடைக்கு எவ்வளவு பெரிய எண்ணிக்கை தேவை என்பது விளங்கும்.

கல்லீரல் அறுவையில் சீனாவிலிருந்து 2023-இல் வெளிவந்த, சமவாய்ப்பு முறையில் நடந்த ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. அறுவையின்போதும் அதன்பின் மூன்று நாள்களும் லிக்னோகெயின் பெற்றவர்களுக்கு, இருமும்போதும் எழுந்து உட்காரும்போதும் எழும் அசைவு வலி குறைந்தது. படுத்திருக்கும்போது உள்ள வலியை விட அசைவு வலிதான் மூச்சை ஆழமாக இழுக்கவிடாமல் நுரையீரலைச் சளி கட்ட வைக்கிறது என்பதால் இது பயனுள்ள செய்தி. முதல் நாள்களின் கடும் வலி நாள்பட்ட வலிக்கு வழிவிடுகிறது என்ற தொடர்பையும் இதனுடன் சேர்த்து எண்ணினால் நம்பிக்கை கொள்ள இடமுண்டு. நம்பிக்கை என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஒன்று குறைந்ததால் மற்றதும் குறையும் என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய கூற்று.

இனி, இந்தப் பொருளின் மையமான முடிச்சுக்கு வருவோம். லிக்னோகெயினை உடலிலிருந்து அகற்றும் உறுப்பு கல்லீரல். அறுவையில் வெட்டப்படுவதும் அதே கல்லீரல். கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அறியவே ஒரு காலத்தில் லிக்னோகெயினைப் பயன்படுத்தினார்கள்: கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் செலுத்தி, பதினைந்து நிமிடம் கழித்து, கல்லீரல் அதைச் சிதைத்து உண்டாக்கிய எம்.ஈ.ஜி.எக்ஸ். என்ற பொருளின் அளவைப் பார்த்து, தானமாகக் கிடைத்த கல்லீரலின் தரத்தைக்கூட மதிப்பிட்டார்கள். மருந்து அந்த அளவுக்குக் கல்லீரலை நம்பி வாழ்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பொதுவாக, உடல் எடை கிலோ ஒன்றுக்கு மணிக்கு 1.5 மில்லிகிராம் வீதம் செலுத்துகிறார்கள். நலமான உடல், கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லிலிட்டர், அதாவது மணிக்கு 600 மில்லிலிட்டர் இரத்தத்தை இம்மருந்திலிருந்து துப்புரவாக்குகிறது. உள்ளே செல்வதும் வெளியேறுவதும் சமமாகும் நிலையில், இரத்தத்தில் நிற்கும் அளவு மில்லிலிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம். நச்சுக் குறிகள் தோன்றத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 5. ஆகவே, துப்புரவுத் திறன் பாதியாகக் குறைந்தாலே, செலுத்தும் வேகத்தில் எந்தத் தவறும் நேராமல், மருந்தின் அளவு அந்த எல்லையைத் தொட்டுவிடும். வலப்பக்கக் கல்லீரலை முழுதாக எடுக்கும் அறுவையில் உறுப்பின் பாதிக்கு மேற்பட்ட பகுதி போய்விடுகிறது என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் பாதி உறுப்பு போனால் பாதித் திறன் போகும் என்று நேர்க்கோட்டில் எண்ணுவதும் பிழை. லிக்னோகெயினைக் கல்லீரல் மிக விரைவாக உறிஞ்சிச் சிதைக்கும். ஒருமுறை கடந்து செல்லும் இரத்தத்திலிருந்தே பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆகவே அகற்றும் வேகத்தைத் தீர்மானிப்பது உறுப்பின் பருமனைவிட, அதற்குள் பாயும் இரத்தத்தின் அளவு. வெட்டிய பின்பு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையின் இரத்தம் முழுவதும் எஞ்சிய பகுதிக்குள்ளேயே பாய்வதால், எஞ்சியது நலமாக இருந்தால், இழப்பு ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. கட்டி மட்டும் இருந்து மற்றபடி நலமான கல்லீரல் கொண்டவருக்கும், கொடையாளருக்கும் இது பாதுகாப்பு அரண். ஈரல் சுருக்க நோய் உள்ளவருக்கு இந்த அரண் இல்லை. அவருடைய இரத்தம் கல்லீரலைச் சுற்றிக் குறுக்குவழிகளில் சென்றுவிடுகிறது, அரை ஆயுள் ஐந்து மணி நேரம் வரைகூட நீள்கிறது. ஹெப்பட்டைட்டிஸ் பி, மது, நீரிழிவோடு வரும் கொழுப்புக் கல்லீரல் ஆகிய மூன்றும் கட்டிக்கு முன்னோடியாக இருக்கும் நம் ஊரில், மேசைக்கு வரும் கல்லீரல் பல நேரம் இரண்டாவது வகைதான்.

அறுவையின் நடைமுறையும் இதில் குறுக்கிடுகிறது. இரத்தப்போக்கைக் குறைக்க, கல்லீரலுக்குள் செல்லும் இரத்தக் குழாய்க் கொத்தைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிக்கும் உத்தியை கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் 1908-இல் விவரித்தார். இன்றும் பதினைந்து நிமிடம் பிடித்து ஐந்து நிமிடம் விடுவது என்ற முறையில் அது தொடர்கிறது. பிடித்திருக்கும் நேரத்தில் லிக்னோகெயினின் வெளியேற்றம் ஏறத்தாழ நின்றுவிடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தில் கூடுதலாகச் சேர்வது 22 மில்லிகிராமை ஒட்டித்தான்; உடல் முழுதும் பரவும்போது மில்லிலிட்டருக்கு அரை மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே அது கூடும் என்பதால், ஒருமுறை பிடிப்பதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. நான்கைந்து முறை பிடிக்க நேர்ந்தாலும், இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலும், மயக்கவியல் மருத்துவர் செலுத்தும் வேகத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். உணவுக்குழாய்ச் சிரை வீக்கத்துக்காக ப்ரொப்ரனொலோல் மாத்திரை எடுப்பவர்களுக்கு அம்மாத்திரையே கல்லீரலின் இரத்த ஓட்டத்தையும் லிக்னோகெயின் வெளியேற்றத்தையும் குறைக்கிறது. அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் இந்த ஒரு மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

கல்லீரல் வேலை குன்றினால், மருந்தைக் கட்டிவைக்கும் இரத்தப் புரதமும் குறைந்து, கட்டுப்படாத மருந்தின் பங்கு உயரும். இவற்றையெல்லாம் எண்ணித்தான், 2021-இல் வெளியான பன்னாட்டு வல்லுநர்களின் ஒருமித்த கருத்து அறிக்கை கறாரான வரம்புகளை வகுத்தது: தொடக்க அளவு கிலோவுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மிகாமல் பத்து நிமிடத்தில் மெதுவாகச் செலுத்த வேண்டும். தொடர் அளவு மணிக்கு அதே 1.5-க்கும், மொத்தமாக மணிக்கு 120 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் கொண்டு கணக்கிட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் பொதுவாகத் தொடரக் கூடாது. 40 கிலோவுக்குக் குறைவானவர்களுக்குத் தரக் கூடாது. வேறு மரப்பு ஊசிகளோடு சேர்க்கக் கூடாது. சீன ஆய்வில் மூன்று நாள் தொடர்ந்ததை இந்த வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஆய்வுச் சூழலுக்கும் அன்றாட வார்டுக்கும் உள்ள தொலைவு புரியும்.

படுக்கையருகே இது எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு உரிய எடை சுமார் 57 கிலோ. தொடக்க அளவு 85 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் இருப்பதால், சிரிஞ்சில் நான்கேகால் மில்லி. பின்பு சிரிஞ்ச் பம்பு மணிக்கு அதே நான்கேகால் மில்லி வீதம் ஓடும். இவ்வளவு சிறிய எண். பம்பில் புள்ளி ஓர் இடம் தள்ளி அழுத்தப்பட்டால் 4.2 என்பது 42 ஆகும். மருந்துக் குப்பியைத் தேர்வதிலும் கவனம் வேண்டும்: அறுவை அரங்கின் தட்டில் அட்ரினலின் கலந்த லிக்னோகெயினும் இருக்கும், பதனப்பொருள் சேர்த்ததும் இருக்கும், சிரையில் செலுத்தத் தகுந்தது இதயத் துடிப்புக் கோளாறுக்கெனத் தயாராகும், இவை இரண்டும் சேராத குப்பி மட்டுமே.

மயக்கத்தில் இருப்பவர் முதல் எச்சரிக்கையைச் சொல்ல மாட்டார். விழித்தபின், உதடும் நாக்கும் மரத்தல், வாயில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், பேச்சுக் குழறல், தசைத் துடிப்பு என்ற வரிசையில் குறிகள் தோன்றி, கவனிக்காவிட்டால் வலிப்புக்கும் இதயத் துடிப்பு நிற்பதற்கும் செல்லக்கூடும். கல்லீரல் அறுவைக்குப் பின் இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு: மந்தமாகப் பேசும் நோயாளியின் நிலைக்குக் காரணம் லிக்னோகெயினா, மார்ஃபினா, அல்லது கல்லீரல் செயலிழப்பால் மூளை குழம்பத் தொடங்கிவிட்டதா என்று பிரித்தறிவது கடினம். ஐயம் வந்தால் முதலில் பம்பை நிறுத்த வேண்டும். நச்சு முற்றினால் 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைக் கிலோவுக்கு 1.5 மில்லி வீதம் செலுத்துவது நச்சுமுறிப்பு. 1998-இல் எலிகளில் தொடங்கி 2006-இல் மனிதரிடம் முதன்முறை வெற்றி கண்ட இந்தச் சிகிச்சைக்கான பாட்டில், பம்பு ஓடும் அதே அறையில் இருக்க வேண்டும், மருந்துக் கிடங்கில் அன்று.

வடசென்னைக்கு இதன் பொருள் என்ன என்று பார்த்தால், மருந்தின் விலை ஒரு பொருட்டே இல்லை. பழைய ஜெயில் சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் இரைப்பை குடல் அறுவைத் துறையும் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையும் இருப்பதால், எண்ணூர், திருவொற்றியூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை முதல் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வரை உள்ளவர்களில் பலர் கல்லீரல் நோய்க்கு இங்கே வருகிறார்கள். இப்படிப்பட்ட பெரிய அரசு மருத்துவமனை எதுவாயினும், கூட்டம் நிறைந்த வார்டில் இருபத்து நான்கு மணி நேரம் ஒரு பம்பையும் ஈ.சி.ஜி. திரையையும் நோயாளியின் பேச்சையும் கவனிக்கும் செவிலியரின் நேரம்தான் அரிய பொருள். "சிஸ்டர், வாய் ஒரு மாதிரி இருக்கு" என்று நோயாளி சொல்லும்போது அதன் பொருளை உடனே உணரும் ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால், அறுவை அரங்கோடும் மயக்கம் தெளியும் அறையோடும் மருந்தை நிறுத்திக்கொள்வதே சரி. 40 கிலோ வரம்பும் இங்கே ஏட்டளவில் நிற்பதில்லை. புற்றுநோயால் மெலிந்து வரும் உயரம் குறைந்த பெண்கள் பலர் அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறார்கள்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. மூன்றாம் மாதத்தில் நோயாளி வரும்போது ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் பார்க்கப்படுகின்றன. தழும்பில் எரிகிறதா, துணி பட்டால் வலிக்கிறதா, பழைய வேலைக்குத் திரும்பினாரா என்ற கேள்விகளுக்குச் சீட்டில் இடம் இல்லை. எண்ணப்படாத வலியை எந்த மருந்தும் குறைத்ததாகக் காட்ட முடியாது. நீடிக்கும் வலி 30 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைகிறதா என்று நம்பத்தக்க வகையில் அறிய, ஒவ்வொரு தரப்பிலும் 300 பேர் அளவில் வேண்டும். தொலைபேசி எண் மாறியவர்களையும் ஊர் திரும்பியவர்களையும் கணக்கில் கொண்டால் இன்னும் கூடுதலாக. ஒரு மருத்துவமனையால் இது ஆகாது, சென்னையின் பெரிய மையங்கள் சேர்ந்தால் ஆகும். மலிவான, காப்புரிமை காலாவதியான மருந்துக்கு எந்த நிறுவனமும் இந்த ஆய்வை நடத்தித் தரப் போவதில்லை என்பதால், பொது நிதியில்தான் இது நடக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். அதுவரை, நாள்பட்ட வலியைத் தடுக்கும் என்ற வாக்குறுதியோடு இம்மருந்தைக் கொடுப்பது தகாது. எபிடியூரல் இயலாதபோது, உடனடி வலிக்கான பல கருவிகளில் ஒன்றாக, நலமான கல்லீரல் எஞ்சும் நோயாளிக்கு, கண்காணிப்போடு கொடுப்பது நியாயமானது.

அறுவைக்குச் செல்பவர், மயக்கவியல் மருத்துவரைப் பார்க்கும் நாளில், ப்ரொப்ரனொலோல் உட்பட எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், முன்பு வலிப்பு வந்திருந்தால் அதையும், இதயத் துடிப்பு மந்தம் அல்லது அடைப்பு என்று ஈ.சி.ஜி.யில் சொல்லியிருந்தால் அதையும், முன்பிருந்தே உடலில் எங்கேனும் நாள்பட்ட வலி இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். அறுவைக்குப் பின் வலி மூன்று மாதங்களைக் கடந்தால், தழும்பின் எந்த இடத்தில், எப்படிப்பட்ட வலி, எதைச் செய்யும்போது என்று குறித்துக்கொண்டு போவது மருத்துவருக்கு உதவும்; எரிச்சலும் சுருக் வலியும் நரம்பு வலியைக் காட்டுவன, அவற்றுக்கு இரவில் சிறு அளவு அமிட்ரிப்டிலினோ, சிறுநீரகத்தின் நிலைக்கேற்ற அளவில் ப்ரிகாபாலினோ தரப்படும். நரம்பு வலிக்கு வேறிடங்களில் எழுதப்படும் டுலாக்செட்டின் மாத்திரையை ஈரல் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். குறைந்துகொண்டிருந்த வலி திடீரெனக் கூடினாலோ, தழும்பருகே இருமும்போது புடைப்பு தெரிந்தாலோ, காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்தாலோ, நரம்பு வலி மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் குடலிறக்கம், பித்தத் தேக்கம், கட்டி மீண்டும் வளர்தல் ஆகியவற்றைப் பார்த்துத் தெளிவது முதல் வேலை.